முன்னும் பின்னும் மூன்று வரி



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் நடந்த பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் மூவர் ஓர் ஆய்வு செய்து வைத்திருந்தார்கள். தகரக் கூரை போட்ட தங்கள் வகுப்பறை எவ்வளவு சூடாகிறது என்பதுதான் ஆய்வு. சுவரில் ஒரு வெப்பநிலை உணரி. அதற்கு மின்சாரம் சுவரில் உள்ள செருகுமுனையிலிருந்து. உணரி சொல்வதை நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு மடிக்கணினி எழுதிக்கொண்டே வரும். திங்கள் அதிகாலை தொடங்கி ஞாயிறு நள்ளிரவு வரை, ஒரு வாரம் முழுதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 7 நாள், நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம். மொத்தம் 10,080 வரிகள்.

அவர்கள் வரைந்த வரைபடத்தைப் பார்த்தேன். பகலில் ஏறி இரவில் இறங்கும் அழகான அலை. ஆனால் நான்கு இடங்களில் மட்டும் ஊசி போல ஒரு கோடு மேலே குத்திக்கொண்டு நின்றது. 85 டிகிரி செல்சியஸ்!

"வகுப்பறையில் 85 டிகிரியா? முட்டையே வெந்துவிடுமே! இதைப் பார்த்த பிறகும் ஏன் இப்படியே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர்களில் ஒரு பெண் தயங்கிக்கொண்டே சொன்னாள்: "ஏன்னு தெரியலை சார். ஆனா வந்ததை அழிக்கக் கூடாதுன்னு எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க."

நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். 'அளவீட்டில் கவனமின்மை' என்று குறித்து, குறைந்த மதிப்பெண் போட்டேன். பரிசு வேறொரு குழுவுக்குப் போனது. அவர்களுடைய வரைபடத்தில் ஊசியே இல்லை; வழுவழுப்பான கோடு. அது எப்படி அவ்வளவு வழுவழுப்பாக வந்தது என்று நான் கேட்கவில்லை.

வீடு திரும்பிய பிறகும் அந்த 85 மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. 84 இல்லை, 86 இல்லை. நான்கு முறையும் மிகச் சரியாக 85.0. கவனக்குறைவால் வரும் பிழை இப்படி ஒரே எண்ணில் வந்து நிற்குமா? அந்தப் பள்ளியில் கேட்டு, பதிவுக் கோப்பை வாங்கினேன். 10,080 வரிகளையும் கண்ணால் தேடுவது நடக்காத காரியம். கிரெப் என்ற சிறு கருவியின் உதவியை நாடினேன். அது காட்டியதில் ஒரு பகுதியைப் பாருங்கள். வரிசை எண், கிழமை, நேரம், வெப்பநிலை என்ற வரிசையில் உள்ளது.

5177 வியாழன் 14:16 38.4
5178 வியாழன் 14:17 பதில் இல்லை
5179 வியாழன் 14:18 பதில் இல்லை
5180 வியாழன் 14:19 85.0
5181 வியாழன் 14:20 38.3
5182 வியாழன் 14:21 38.4
5183 வியாழன் 14:22 38.4

நடுவில் உள்ள வரியை மட்டும் படித்தால் அது ஓர் அபத்தம். மேலே இரண்டு வரியையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டு நிமிடம் உணரி வாய் திறக்கவில்லை. பிறகு திறந்ததும் 85 என்றது. அடுத்த நிமிடம் பழையபடி 38. நான்கு இடங்களிலும் இதே கதைதான். மின்சாரம் போயிருக்கிறது. மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு. அதனால் அது எழுதிக்கொண்டே இருந்தது. உணரிக்கு அது இல்லை.

அவர்கள் பயன்படுத்திய உணரி டி.எஸ்.18பி20 என்ற வகை. பள்ளி, கல்லூரி ஆய்வுகளில் பரவலாகப் புழங்குவது. அதன் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மின்சாரம் வந்தவுடன் அதன் நினைவில் 85 என்ற எண் தானாகவே அமர்ந்திருக்கும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. முழு நுட்பத்துடன் முதல் அளவீட்டை எடுத்து முடிக்க அதற்கு முக்கால் விநாடி வரை ஆகும். அதற்குள் யாராவது 'எவ்வளவு?' என்று கேட்டுவிட்டால், அளக்காமலேயே '85' என்று சொல்லிவிடும். அந்த உணரி 125 டிகிரி வரை அளக்கக் கூடியது. ஆகவே 85 என்பது கணினிக்குச் சந்தேகம் தராத எண், அப்படியே எழுதிக்கொண்டது.

அந்த மாணவியர் பிழை செய்யவில்லை. இயற்பியல் கற்பிக்கும் நான்தான், ஒரு வரியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியருக்கும் அந்த மாணவியருக்கும் கடிதம் எழுதினேன். மதிப்பெண் பட்டியல் அதற்குள் போய்விட்டது. பரிசை மாற்ற முடியவில்லை.

இந்த அனுபவத்திற்குப் பிறகு எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. பெரிய பதிவு எதிலிருந்தும் ஒரு வரியை எடுக்கும்போது, அதன் முன்னும் பின்னும் உள்ள சில வரிகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இதைக் கணினிப் பாடத்தில் மட்டும் அல்லாமல் எல்லா அறிவியல் பாடங்களிலும் பழக்கமாகக் கற்பிக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கருவி பிறந்த கதை

கிரெப் என்பது வேடிக்கையான பெயர் அல்லவா? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் வளர்ந்துவந்த காலம் அது. அங்கே லீ மெக்மஹன் என்பவர் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் என்ற தொகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1787, 1788 ஆண்டுகளில் ஹாமில்டன், மேடிசன், ஜே என்ற மூவர் புனைபெயரில் எழுதிய கட்டுரைகள் அவை. எதை யார் எழுதினார் என்று சொற்களை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றார். (அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையும் 85 தான்! இது வெறும் தற்செயல்.) அக்காலக் கணினியின் நினைவகம் மிகச் சிறியது. 'எட்' என்ற எழுத்துத் திருத்தியில் அவ்வளவு பெரிய உரையைத் திறக்கவே முடியவில்லை.

அந்த எட் திருத்தியில், 'கோப்பு முழுவதிலும் தேடு. இந்த அமைப்புக்குப் பொருந்தும் வரிகளை அச்சிடு' என்பதற்கு ஒரு சுருக்கக் கட்டளை இருந்தது. ஜி, ஆர், ஈ, பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். கென் தாம்ப்சன் இந்த ஒரு வேலையை மட்டும் வெட்டியெடுத்துத் தனிக் கருவியாக்கினார். எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் கிரெப்! 1973இல் யூனிக்ஸில் அது இடம்பெற்றது. கோப்பு முழுவதையும் நினைவில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு வரியைப் படிக்கும், பார்க்கும், வேண்டுமென்றால் காட்டும், மறந்துவிடும். பிறகு அடுத்த வரி.

'மறந்துவிடும்' என்ற இடத்தில்தான் சிக்கல். தொடக்க கால கிரெப் பொருந்திய வரியை மட்டுமே காட்டியது. முன்பின் வரிகளையும் காட்டும் வசதி பின்னால் வந்தது. இன்று லினக்ஸ் கணினிகளில் உள்ள குனூ கிரெப்பில் அது உண்டு.

மூன்று எழுத்துகள்

இந்த வசதிக்கு மூன்று குறிகள் போதும். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். மூன்றும் பெரிய எழுத்துகள்.

ஏ என்பது பின்னால் வரும் வரிகளுக்கு. 'ஆஃப்டர்' என்ற சொல்லின் முதலெழுத்து.
பி என்பது முன்னால் உள்ள வரிகளுக்கு. 'பிஃபோர்' என்பதன் முதலெழுத்து.
சி என்பது இரு பக்கத்துக்கும் சேர்த்து. 'கான்டெக்ஸ்ட்', அதாவது சூழல்.

எனவே நான் தட்டிய கட்டளை இது:

கிரெப் -எஃப் -சி 3 "85.0" பதிவு

'பதிவு என்ற கோப்பில் 85.0 என்று உள்ள வரியைத் தேடு. அதற்கு முன் மூன்று வரி, பின் மூன்று வரி சேர்த்துக் காட்டு' என்று பொருள். நான்கு இடங்கள், இடத்திற்கு ஏழு வரிகள். 10,080 வரி 28 வரியாகச் சுருங்கிவிட்டது. ஒரு குழுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு சிறு கோடுகளைப் போட்டுப் பிரித்தும் காட்டும். பொருந்திய இரண்டு வரிகள் அருகருகே இருந்தால் குழுக்களை ஒன்றாக்கிவிடும். ஒரே வரியை இருமுறை காட்டாது. கவனம்: சிறிய சி-யைத் தட்டிவிட்டால் வரிகளைக் காட்டாது, எத்தனை வரி பொருந்தின என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லும்.

'எஃப்' எதற்கு என்று கேட்பீர்கள். முதலில் அது இல்லாமல்தான் தேடினேன். நான்குக்குப் பதில் பதினான்கு வரிகள் பொருந்தின! அவற்றில் ஒன்று, 8540ஆவது வரி, சனிக்கிழமை இரவு 22:19. அப்போது அறை குளிர்ந்துதான் இருந்தது. காரணம் என்ன? கிரெப்பின் மொழியில் புள்ளி என்பது 'ஏதேனும் ஓர் எழுத்து' என்று பொருள்படும். ஆகவே 8540 என்ற வரிசை எண்ணில் உள்ள 4-ஐயும் புள்ளியின் இடத்தில் ஏற்றுக்கொண்டது. 8500, 8510, 8520 என 8590 வரை பத்து வரிசை எண்களும் இப்படி வலையில் விழுந்தன. 'எஃப்' போட்டால் புள்ளியைப் புள்ளியாகவே பார்க்கும். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கத்து வரிகள் கண்முன் இருந்ததால்தான் அந்தப் பத்தும் வெப்பநிலை அல்ல, வெறும் வரிசை எண்கள் என்று உடனே புரிந்தது.

நினைவும் பொறுமையும்

ஒரு சிறு புதிர். கிரெப் கோப்பை மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறைதான் படிக்கிறது. பொருந்தும் வரி வந்த பிறகு, அடுத்த மூன்று வரியைக் காட்டுவது எளிது. எண்ணிக்கொண்டே போனால் போதும். ஆனால் முந்தைய மூன்று வரியை எப்படிக் காட்டும்? அவை கடந்து போய்விட்டனவே?

ஒரு சிலேட்டில் மூன்று வரி எழுதத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியைப் படிக்கும்போதும், இருப்பதிலேயே பழைய வரியை அழித்துப் புதியதை எழுதுங்கள். பொருந்தும் வரி எப்போது வந்தாலும் சிலேட்டில் அதற்கு முந்தைய மூன்று வரியும் தயாராக இருக்கும். எது முக்கியமாகப் போகிறது என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும். பின்வருவதற்குப் பொறுமை போதும்; முன்வந்ததற்கு நினைவு வேண்டும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ள எண்முறை அலைவுகாட்டியும் இதே உத்தியில்தான் வேலை செய்கிறது. மின்னழுத்தம் திடீரென உயரும் கணத்தைப் பிடிக்கச் சொன்னால், உயர்வதற்குச் சற்று முன் நடந்ததையும் சேர்த்துக் காட்டும். ஓயாமல் சிலேட்டில் எழுதி அழித்துக்கொண்டே இருப்பதால்தான் அது முடிகிறது.

விண்ணிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

இது பள்ளி ஆய்வோடு நின்றுவிடும் விஷயம் அன்று. 2017 ஆகஸ்ட் 17ஆம் நாள், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிக் கலந்ததால் எழுந்த ஈர்ப்பலை பூமியை அடைந்தது. அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இடங்களில் லைகோ ஆய்வகங்கள் உள்ளன. தானாக இயங்கும் தேடல் நிரல் ஹான்ஃபோர்டில் மட்டுமே அலையைக் கண்டதாக அறிவித்தது. ஏறத்தாழ அதே நேரம் ஃபெர்மி என்ற விண்கலம் ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்திருந்தது. லிவிங்ஸ்டன் மட்டும் ஏன் பேசவில்லை?

விஞ்ஞானிகள் அந்தக் கணத்தைச் சுற்றியுள்ள பதிவைக் கண்ணால் பார்த்தார்கள். மோதல் முடிவதற்குச் சுமார் 1.1 விநாடி முன்பு லிவிங்ஸ்டன் கருவியில் ஒரு திடீர் இரைச்சல் வெடித்திருந்தது. அதன் அடியிலேயே ஈர்ப்பலையின் தடம் தெளிவாக ஓடியது! சுமார் 100 விநாடி நீண்ட அலையில் ஒரு கண நேர இரைச்சல். அதைப் பார்த்து நிரல் ஒதுங்கிவிட்டது. இரைச்சலை நீக்கிக் கணக்கிட்டபோது, இத்தாலியில் உள்ள விர்கோவின் பதிவையும் சேர்த்து, அலை வானில் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று குறிக்க முடிந்தது. அதன் பிறகே தொலைநோக்கிகள் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இருந்த அந்த விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடித்தன. இரைச்சல் இருந்த பகுதியை 'கெட்ட தரவு' என்று வெட்டி எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எவ்வளவு சூழல் வேண்டும்?

'அப்படியானால் முன்னும் பின்னும் ஆயிரம் வரி எடுத்துவிடலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயிரம் வரி எடுத்தால் தேடாமல் இருப்பதும் தேடுவதும் ஒன்றுதான்.

இந்தச் சிக்கல் கணினிக்கு மிகவும் மூத்தது. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத் துறவிகள், ஹியூ என்பவர் தலைமையில், விவிலியத்திற்கு ஒரு சொல்லடைவு செய்தார்கள். சொல் எந்த இடத்தில் வருகிறது என்ற குறிப்பு மட்டும் அதில் இருந்தது. படித்தவர்கள் ஒவ்வோர் இடத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்து, சொல் வரும் பகுதியையே எழுதிச் சேர்த்தார்கள்; நூல் தூக்க முடியாதபடி பருத்துவிட்டது. பிறகு சில சொற்களாகக் குறைத்தார்கள். பூச்சியம் போதாது, எல்லாம் ஆகாது. நடுவில் ஓர் அளவு உண்டு.

அந்த அளவை ஆராயும் பொருள்தான் சொல்லும். நிமிடத்திற்கு ஒரு வரி எழுதும் வெப்பநிலைப் பதிவில் மூன்று வரி போதும். மூன்று நிமிடத்தில் அறையின் வெப்பம் பெரிதாக மாறாது. விநாடிக்கு நூறு வரி எழுதும் நில அதிர்வுப் பதிவில் மூன்று வரி ஒன்றுக்கும் ஆகாது. முதலில் மூன்று போடுங்கள்; புரியவில்லை என்றால் பத்தாக்குங்கள். விளக்கம் கிடைத்த இடத்தில் நிறுத்துங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று: வரிகளை வெப்பநிலைப்படி வரிசைப்படுத்திய பிறகு இந்தக் கருவியை ஓட்டாதீர்கள். வரிசை மாறினால் பக்கத்து வரி பக்கத்து நிமிடம் ஆகாது. முதலில் சூழலோடு எடுங்கள்; பிறகு வரிசைப்படுத்துவதா என்று யோசியுங்கள். இரண்டு: பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. 'பதில் இல்லை' என்ற வரி எனக்கு ஒரு துப்புத் தந்தது, அவ்வளவுதான். நான்கு இடத்திலும் அதே வரிசை இருந்ததும், உணரியின் குறிப்பேட்டில் 85 எழுதியிருந்ததும் சேர்ந்தபோதுதான் அது விளக்கமாயிற்று.

கண்ணால் தேடினால் போதாதா?

என் சக ஆசிரியர்கள் சிலர் கேட்பதுண்டு: "திரையில் தேடும் பெட்டி இருக்கிறது, சொல்லைத் தட்டினால் மஞ்சளாகக் காட்டுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டளை வரி எதற்கு?"

என் பதில் இது. திரையில் தேடியதற்குத் தடம் இல்லை. நான் எதைத் தேடினேன், எத்தனை வரி பார்த்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்பது எனக்கே மறந்துவிடும். கட்டளையோ ஒரே வரி. ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அதே கோப்பில் அதே கட்டளையை நீங்கள் ஓட்டினால் அதே 28 வரிதான் வரும். நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, சரிபார்க்கலாம். ஒருவர் செய்ததை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடிவதுதானே அறிவியலின் அடிப்படை?

நம் பள்ளிகளில் ஆய்வுக்கூடப் பதிவேடு என்றால் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறோம். அடித்து எழுதியவனுக்கு மதிப்பெண் குறைகிறது. அதனால் பொருந்தாத அளவீட்டை மாணவர்கள் சத்தமில்லாமல் விட்டுவிடக் கற்றுக்கொள்கிறார்கள். கிரெப்பிலும் அதற்கு ஒரு குறி உண்டு: சிறிய வி போட்டால், பொருந்தும் வரிகளை விட்டுவிட்டு மற்றவற்றைக் காட்டும். அந்த நான்கு 85-ஐயும் அதை வைத்து ஒரு நொடியில் மறைத்திருக்கலாம். மாணவியர் அப்படிச் செய்திருந்தால் நான் அவர்களுக்குப் பரிசு கொடுத்திருப்பேன். உணரியின் இந்தக் குணம் எனக்கும் தெரிந்திருக்காது. குற்றம் பதிவேட்டில் இல்லை. மதிப்பெண் போடும் எங்களிடம் இருக்கிறது. நீக்கலாம், ஆனால் எதை, ஏன் நீக்கினோம் என்று, முன்பின் வரிகளோடு ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு நீக்க வேண்டும். அந்தப் பக்கத்திற்குத் தனி மதிப்பெண் தர வேண்டும் என்பது என் கருத்து.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் இது பொருந்தும். உங்கள் வீட்டுக் கைபேசியில் யாரோ பேசியதின் ஒரு வரி மட்டும் வெட்டப்பட்டு வந்து சேருகிறது. அதைப் படித்துக் கோபம் வரும்போது கேளுங்கள்: இதற்கு முந்தைய வரி என்ன? பிந்தைய வரி என்ன? யாரிடமும் கிடைக்கவில்லை என்றால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பதே முறை.

செய்து பாருங்கள்

லினக்ஸ் உள்ள கணினி உங்கள் பள்ளியிலோ நண்பர் வீட்டிலோ கிடைத்தால், ஒரு வாரம் உங்கள் ஊர் வெப்பநிலையை மணிக்கு ஒரு வரியாக எழுதுங்கள். உணரி வேண்டியதில்லை, சாதாரண வெப்பமானி போதும். விழித்திருக்கும் நேரத்தில் எழுதினால் போதும். ஒவ்வொரு வரியிலும் 'மழை', 'மேகம்', 'காற்று' என்று ஒரு சொல்லையும் தமிழிலேயே சேருங்கள். கிரெப் தமிழையும் தேடும். பிறகு 'மழை' என்ற சொல்லை முன் இரண்டு, பின் இரண்டு வரியோடு எடுத்துப் பாருங்கள். மழைக்கு முன் வெப்பநிலை எப்படி இருந்தது? மழைக்குப் பின் எவ்வளவு இறங்கியது?

கணினி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். தாளில் எழுதி, மூன்று வரி மட்டும் தெரியும்படி அட்டையில் ஒரு சன்னல் வெட்டி, அதைத் தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள். செய்வது அதே வேலைதான்.

பொருந்தாத வரி ஒன்று கட்டாயம் கிடைக்கும். அதை அழிக்காதீர்கள். முன்னும் பின்னும் மூன்று வரி படியுங்கள். உங்கள் ஆசிரியர் அவசரப்பட்டுத் தலையை ஆட்டினால், அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.